மகளின் ரத்தத்தில் இரண்டு வகை

பிரசவ வார்டுத் தாதிக்குக் குழந்தையைக் குளிப்பாட்டுவது எளிது, உறவினருக்கு விளக்குவதே பெரும்பாடு. உடன் பாடுபடும் தோழியரே, நீங்கள் அறியாததா?

பெட்டியில் இருந்த வேட்டி

செங் என்னும் ஊரில் தொழிற்சாலை வேலை செய்த சரசுவுக்கு இரண்டாவதாகப் பெண் குழந்தை பிறந்தது. மூத்த மகனுக்கு, ரத்த அணுக்களைக் காக்கும் ஜி சிக்ஸ் பி டி என்னும் நொதி பிறவியிலேயே குறை. அந்துருண்டை நெடி பட்டால் அவன் ரத்த அணுக்கள் சிதைந்து உடல் மஞ்சளாகும். பிறந்த குழந்தைக்குப் பெரியவரின் பழந்துணியை முதலில் சுற்றுவது நம்மவர் வழக்கமல்லவா? சரசுவின் மாமியார் இரும்புப் பெட்டியிலிருந்து தம் கணவரின் வேட்டியை எடுத்து வந்தார். அந்துருண்டை நெடி வார்டையே நிறைத்தது. தடுத்தேன். தாதியை மிஸி என்றே அழைக்கும் அவர் சீறினார்.

"அது பேரனுக்குத்தானே மிஸி? பொட்டப் புள்ளைக்கு வராது லா! நேத்து உங்க டாக்டரே சொன்னாரு!"

கேன்டீன் பூனை

வெட்கம் என்னைச் சுட்டது. படித்தவரே அரைகுறையாகச் சொன்னால் பாமரரைக் கடிந்து என்ன பயன்? சரசுவின் கணவர் முருகனிடம், கேன்டீன் வாசலில் படுத்திருந்த செம்மஞ்சளும் கறுப்பும் கலந்த பெண் பூனையைக் காட்டினேன். "பெண்ணுக்குத் தாய் தந்த எக்ஸ் குரோமோசோம் ஒன்று, தந்தை தந்தது ஒன்று. கரு சிறிதாக இருக்கும்போதே ஒவ்வொரு உயிரணுவும் இரண்டில் ஒன்றைச் சுருட்டி அடக்கிவிடும். எதை அடக்கும் என்பது தற்செயல். அதிலிருந்து பெருகுபவை அனைத்தும் அதே முடிவைக் காக்கும். அதனால்தான் இந்தப் பூனைக்கு ஓரிடம் செம்மஞ்சள், ஓரிடம் கறுப்பு. இந்தக் குறையும் எக்ஸில்தான் வரும்; தாயிடமிருந்து அது வந்திருந்தால் உங்கள் மகளின் ரத்தத்திலும் அப்படியே நல்ல அணுக்களும் குறையுள்ளவையும் கலந்திருக்கும். குறையுள்ளவை மிகுந்தால் அவளுக்கும் ஆபத்துதான்" என்றேன். முருகன் குனிந்து பூனையைத் தடவியபடி கேட்டார்.

"அப்ப என் பொண்டாட்டி பூனைய பெத்துருக்கான்னு எங்கம்மாகிட்ட சொல்லவா, மிஸி?"

நீல விளக்கு

மறுநாள் குழந்தை மஞ்சளானாள். தொட்டில் மெத்தைக்கு அடியில் அந்த வேட்டி மடித்து வைக்கப்பட்டிருந்தது. எங்கள் கண்ணெதிரே நடந்ததை நாங்களே காணவில்லை. அந்த நாணம் இன்னும் தீரவில்லை. குழந்தையை, மஞ்சளை இறக்கும் நீல விளக்கின் கீழ் கிடத்தினோம். மாமியாரோ, "எல்லாம் இவ அம்மா வீட்டு ரத்தம்!" என்று வார்டு கேட்க மருமகளைப் பழித்தார். சகோதரிகளே, நோயைக் கடத்தினாள் என்று தாயைத் தூற்றும் வழக்கத்துக்கு நாம் தலைகுனிய வேண்டாமா? மஞ்சள் இறங்கிய காலையில், அதுவரை வாய் திறவாத சரசு மகளை மடியில் வாங்கிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அத்தே, என் ரத்தத்துல பாதி நல்லதுன்னு மிஸி சொல்றாங்க. உங்க வேட்டியில எந்தப் பாதி நல்லது?"

கண்ணுக்குத் தெரியாத உயிரணு ஒருமுறை அடக்கியதை ஆயுளுக்கும் அடக்கி வைக்கிறது. நாமோ ஒரு பிரசவ வார்டில் ஒருநாள்கூட நாவை அடக்கியதில்லை.