விழாமல் எழுந்த கன்றுக்குட்டி

எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் நான் அறிவியல் வாத்தியார். ஆனாலும் ஆண்டு விழாத் தட்டிகளுக்குப் படம் போட்டுவந்தது எட்டு வருஷமாக நான்தான். அப்போது புதிதாக ஒரு தையல் டீச்சர் வந்து சேர்ந்தார். மாட்டுப்பட்டிப் பண்ணையில் பார்த்த கன்றுக்குட்டியை அவர் கரும்பலகையில் வரைந்த அன்றே தலைமையாசிரியர் என்னை மறந்துவிட்டார்.

அந்த வருஷம் விழாவில் அந்தக் கன்றுப் படத்தைத் திரையில் அசையவே விடலாம் என்று எஸ்டேட் டாக்டர் யோசனை சொன்னார். அவரிடம் சின்ன சினிமா கேமராவும் புரொஜெக்டரும் இருந்தன. பிறந்த கன்று எழப் பார்த்து, கால் மடங்கி விழுந்து, மறுபடி எழுந்து நிற்பதை டீச்சர் நூற்றறுபது தாள்களில் வரைந்தார். தாளுக்குத் தாள் கால் ஒரு நூலளவு நகர்ந்திருக்கும். ஒவ்வொன்றையும் கேமராவுக்கு அடியில் வைத்து இரண்டு தடவை பொத்தானை அமுக்குவது என் வேலை. வரைவது அவர், அமுக்குவது நான். எனக்கு வயிறு எரிந்தது.

எடுக்க உட்கார்ந்தபோதுதான், மிச்சமிருந்த ஃபிலிம் பாதித் தாள்களுக்கே வரும் என்று தெரிந்தது. டீச்சரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கன்று விழுகிற தாள்களை மொத்தமாக உருவி பீரோவில் வைத்தேன். இருந்தவற்றிலேயே உயிருள்ளவை அவைதான். அது தெரிந்துதான் உருவினேன்.

ஃபிலிம் பம்பாய்க்குப் போய்க் கழுவி வந்தது. வகுப்பறை ஜன்னல்களைக் கம்பளியால் மூடிவிட்டுப் போட்டுப் பார்த்தோம். படுத்திருந்த கன்று தவளை மாதிரித் துள்ளி நின்றது. தலைமையாசிரியர் சிரித்துவிட்டார்.

டீச்சர் சிரிக்கவில்லை. "ஏன் சார், கன்னுக்குட்டி விழவே இல்லையே?"

"ஃபிலிம் பத்தல டீச்சர்."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா? ஒண்ணு விட்டு ஒண்ணு எடுத்திருக்கலாமே. கொஞ்சம் வெரசா எந்திரிக்கும், அம்புட்டுத்தானே."

கேமராவைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர். எனக்கு அது தோன்றவே இல்லை என்பதுதான் அதிகமாகச் சுட்டது. பீரோவிலிருந்த தாள்களைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன்.

"வேணும்னேதான் எடுத்தேன்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஒண்ணும் கசங்கலியே?" என்று மட்டும் கேட்டார்.

தன் தங்கை கல்யாணத்துக்கு வைத்திருந்த ஃபிலிமில் டாக்டர் கொஞ்சம் எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஒன்று விட்டு ஒன்றாக எடுத்தோம். விழாவில் கன்று விழுந்தபோது பிள்ளைகள் 'அய்யோ' என்றார்கள். எழுந்தபோது பெஞ்சு மேல் ஏறிக் கத்தினார்கள். நானும் கை தட்டினேன்.

பொறாமை போய்விட்டது என்று சொன்னால் பொய். மறு வருஷம் அவர் வேறு ஊருக்குப் போகும்வரை, அவர் வரைந்த எதையும் என்னால் நின்று பார்க்க முடிந்ததில்லை.