மாப்பிள்ளை வீட்டுச் சீனி

ஒரு பிள்ளையின் கலியாணப் பேச்சைக் குழப்பியவன் நான். ஒருவருடைய இரத்தச் சீனி அளவை மறைத்தேன், இன்னொருவருடையதைச் சபையில் சத்தமாக வாசித்தேன். அவ்வளவுதான் நான் செய்தது.

ஓய்வு பெற்ற பிறகு வெள்ளவத்தைக் கடற்கரையில் காலையில் நடக்கிற கூட்டத்தில் சேர்ந்தேன். நாற்பது வருடம் கணக்குப் படிப்பித்தவனுக்குப் படிப்பிக்க ஆளில்லாமல் போனால் சும்மா இருக்க முடியுமா? சோற்றை விட்டேன், விட்டதை எல்லாருக்கும் சொன்னேன். பாகற்காய்ச் சாறு குடித்தேன். குடிக்கும் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். செத்தவீட்டுக்குப் போனாலும் இறந்தவர் என்ன சாப்பிட்டவர் என்று விசாரித்தேன். கனடாவிலிருந்து மகன் அனுப்பிய, சீனி பார்க்கிற மெஷின் எப்போதும் சட்டைப்பையில் இருக்கும். போன இடத்தில் இரண்டு பேருடைய விரலிலாவது குத்தாமல் திரும்ப மாட்டேன். படித்த மனிதன் கேட்கிறானே என்று சனம் சிரித்துக்கொண்டு கையை நீட்டும்.

என்னோடு ஒரே பாடசாலையில் கிளாக்கராக இருந்த நண்பர் கொட்டாஞ்சேனையில் இருக்கிறார். அவருடைய ஒரே மகளைப் பெண் பார்க்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். “மாஸ்டர், நீங்கள் பக்கத்தில இருந்தா எனக்கொரு பலம்” என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்.

மேசையில் கேக்கும் பட்டிஸும் வந்தன. நான் என் பாடத்தைத் தொடங்கினேன். மாப்பிள்ளையின் தகப்பன் உற்சாகமாகி முதலில் கையை நீட்டினார். மெஷின் காட்டிய எண்ணைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது. ஆனால் அவர் மாப்பிள்ளை பகுதி. “சொட்டுக் கூடத்தான் சேர், பரவாயில்லை” என்று சொல்லி எண்ணை அழித்தேன்.

தேத்தண்ணியோடு பெண்ணின் தாய் வந்தார்.

“தங்கச்சி, நீங்களும் காட்டுங்கோ.”

“ஐயோ, எனக்கு வேண்டாம் மாஸ்டர்.”

“சின்னப் பிள்ளை மாதிரிப் பயப்படுறீங்கள்” என்று அவர் இழுக்க இழுக்க விரலைப் பிடித்துக் குத்தினேன். வகுப்பில் புள்ளி வாசிப்பதுபோல எண்ணை வாசித்தேன். அது கூடத்தான், ஆனால் மாப்பிள்ளையின் தகப்பனுடையதைவிடக் குறைவு. அதை நான் சொல்லவில்லை.

மாப்பிள்ளையின் தாய் கையிலிருந்த கேக்கைத் தட்டில் வைத்தார். “தாய்க்கு இருந்தா பிள்ளைக்கும் வருமாமே. பிள்ளைக்கும் ஒருக்காப் பாருங்கோவன்.”

வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. மெஷின் என் கையில்தான் இருந்தது; நானும் சொல்லவில்லை. சேலை உடுத்து நின்ற அந்தப் பிள்ளை தானாகவே விரலை நீட்டினாள். அவளுக்கு ஒன்றும் இல்லை. என்றாலும் அந்த வாரமே தரகர் பதில் கொண்டுவந்தார்: சீனி வருத்தக்காரக் குடும்பம், சரிவராது. அதற்குப் பிறகு வந்த இரண்டு பேச்சும் ‘தாய்க்குச் சீனியாமே’ என்ற கேள்வியோடு நின்றுபோயின. கதை அதற்குள் கொழும்பெல்லாம் போயிருந்தது. நண்பர் எனக்குப் போன் எடுப்பதை நிறுத்திக்கொண்டார்.

மாதக்கணக்கில் யோசித்த பிறகு மாப்பிள்ளை வீட்டாரின் பிளாட்டுக்குப் போனேன். “அண்டைக்கு உங்கட அவருக்குத்தான் கூட இருந்தது. நான் மறைச்சுப்போட்டன்” என்று அந்த அம்மாவிடம் சொன்னேன்.

அவர் சிரித்தார். “எனக்குத் தெரியாதே மாஸ்டர்? பதினைஞ்சு வருசமாச் சீனிக்குக் குளிசை போடுறார். ஆம்பிளைப் பக்கத்தில அதை ஆர் கேக்கிறது?”

கணவர் உள்ளேயிருந்து வந்து, நடக்க எந்தச் சப்பாத்து நல்லம் என்று என்னிடம் கேட்டார்.

அங்கிருந்து பஸ் எடுத்து நேரே கொட்டாஞ்சேனைக்குப் போனேன். நண்பரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அதை அண்டைக்கு இந்த மேசையில சொல்லியிருக்கலாமே, மாஸ்டர்.”

மகள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். “அங்கிள், மெஷின் கொண்டு வந்தனீங்களோ?”

“இல்லைப் பிள்ளை. அதை எறிஞ்சிட்டன்.”

“அம்மா அறைக்குள்ள இருக்கிறா. நீங்கள் போனாப் பிறகுதான் வெளியில வருவாவாம்.”

ஊதிக் குடிக்கவும் நிற்காமல் தேத்தண்ணியை விழுங்கினேன். வாய் வெந்தது. எழும்பிப் படியால் இறங்கும்போது, மேலே அறைக்கதவு திறக்கிற சத்தம் கேட்டது.