தலைகீழாகப் பிடித்த கிட்டார்

என்னிடம் கிட்டார் படிக்க வருகிறவர்கள் என் முதுகைப் பார்த்துத்தான் உட்கார வேண்டும். இத்தனை வருடமாக என் வகுப்பில் அதுதான் சட்டம். கண்டியில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடி அறை. நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒரு துண்டை வாசிப்பேன். பின்னால் இருக்கிறவர் அதைக் காதால் பிடித்துத் திருப்பி வாசிக்க வேண்டும். எந்தக் கம்பி, எத்தனையாவது கட்டம், எந்த விரல் என்று வாயால் சொல்வேன். பிழைத்தால் ஏசுவேன். கடதாசி கிடையாது, போன் கிடையாது, கையைக் காட்டுவது அறவே கிடையாது.

கண்ணுக்கு வேலை கொடுத்தால் காது சோம்பேறியாகிவிடும், இது என் முறை என்று பிள்ளைகளின் பெற்றோரிடம் அளந்து வைத்திருந்தேன். அவர்களும் நம்பினார்கள். உண்மை வேறு. நான் கிட்டாரைத் தலைகீழாகப் பிடிப்பவன்.

தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவன் நான். எங்களோடு இருந்த மாமா கல்யாண வீடுகளில் வாசிக்கும் ஒரு பேண்டில் கிட்டார் வாசித்தார். வார நாட்களில் அது எங்கள் வீட்டு அலுமாரிக்கு மேலே கிடக்கும். "தொட்டேன்னா கைய ஒடிச்சிருவேன்டா" என்பார். ஒடிக்கக்கூடிய ஆள்தான். ஒரு நாளும் ஒரு விரல் அளவுகூடச் சொல்லித் தந்ததில்லை. அவர் மலைக்கு வேலைக்குப் போனதும் கதிரை போட்டு ஏறி எடுப்பேன்.

நான் இடக்கைக்காரன். சோற்றுத் தட்டில் அம்மா அடித்து அடித்து என்னை வலக்கைக்கு மாற்றினாள். கிட்டார் அவள் கண்ணில் படாததால் அதில் மட்டும் இடக்கை தப்பியது. இடக்கையால் மீட்டுவதென்றால் கம்பிகளைக் கழற்றி வரிசை மாற்றிப் பூட்ட வேண்டும். பூட்டினால் மாமா கண்டுபிடித்துவிடுவார். அதனால் கிட்டாரை அப்படியே திருப்பிப் பிடித்தேன். மேலே இருக்க வேண்டிய தடித்த கம்பி கீழே, கீழே இருக்க வேண்டிய மெல்லிய கம்பி மேலே. சொந்தமாக ஒன்று வாங்க வழி பிறந்தபோது கை அப்படியே ஊறிப்போயிருந்தது. மாற்றிப் பழகப் பார்த்து, ஒரு வருடம் போராடி, விட்டுவிட்டேன். மாமா செத்துப்போய்விட்டார். அதற்காக அவரை மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

என் கையைப் பார்த்துப் படித்தால் பிள்ளைகளுக்கு எல்லாமே பிழைக்கும் என்பது நான் முதுகு காட்டுவதற்கு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் வெட்கம். கண்டியில் ஒருவர் கேட்கும் முதல் கேள்வியே "எங்கே படித்தீர்கள்" என்பதுதான். வாவிக்கரையில் இன்னொருவர் வகுப்பு நடத்துகிறார். சுவர் முழுக்கச் சான்றிதழ், முகம் முழுக்கச் சிரிப்பு. எந்தப் பிள்ளை எப்படிச் சொதப்பினாலும் "நல்லது, நல்லது" என்பார். எனக்கு அவரைக் கண்ணில் காட்டக் கூடாது.

அவருக்கு நான் வைத்திருந்த ஒரே பதில் என் வகுப்பில் இருந்த ஒரு பெண்பிள்ளை. பதினான்கு வயது. மூன்று வருடமாக என்னிடம் படித்தாள். என் இரண்டாவது கம்பி ஒரு மயிரிழை சுருதி இறங்கியிருக்கிறது என்று நான் உணர்வதற்கு முன்பே சொன்னவள். அப்படி ஒரு காதை நான் வேறெங்கும் கண்டதில்லை. வருடக் கடைசியில் அவளுடைய பாடசாலை விழாவில் தனியாக வாசிக்க இருந்தாள். அவள் மேடையில் வாசித்து முடித்தால் அதன் பிறகு ஒருவனும் என்னிடம் எங்கே படித்தாய் என்று கேட்கமாட்டான். கேட்டால் அவளைக் காட்டுவேன். அவள் போனால் என் வகுப்பில் மிச்சம் இருப்பது வெறும் இரைச்சல்.

அவளுடைய தாய் யாழ்ப்பாணத்துக்காரி, அரசாங்க உத்தியோகம். ஒரு சனிக்கிழமை மகளோடு மாடியேறி வந்து, கேட்காமலே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏன் சேர் பிள்ளையளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறியள்?"

"அது என்னோட முறைங்க மேடம்."

"என்ன முறை? நானும் சின்னனில வீணை படிச்சனான். எங்கட ரீச்சர் முன்னுக்கு இருந்து கையைக் காட்டித்தான் படிப்பிச்சவா."

"அது வீணை. இது கிட்டார்."

"அடுத்த கிழமை திரும்பி இருந்து படிப்பியுங்கோ. இல்லாட்டி நான் பிள்ளையை நிப்பாட்டுறன்."

"தாராளமா நிப்பாட்டுங்க" என்றேன். மகள் தலையைக் குனிந்துகொண்டு பையின் சிப்பைத் திறந்து திறந்து மூடினாள்.

அந்தக் கிழமை முழுக்க அந்த அம்மாவை மனதுக்குள் ஏசினேன். பஸ்ஸில் ஏசினேன், குளிக்கும்போது ஏசினேன். லயத்தில் பிறந்தவன் என்று எங்கோ விசாரித்திருப்பார், அதுதான் இந்த நாடகம் என்று முடிவு கட்டினேன். மற்ற பிள்ளைகளுக்கும் சேர்த்து விழுந்தது. ஒரு பையனின் தாளம் தப்பியதற்கு நான் போட்ட சத்தத்தில் மருந்துக்கடைக்காரர் மேலே வந்து எட்டிப் பார்த்தார். ஆனால் வெள்ளிக்கிழமை ஆகும்போது கோபம் அடங்கிப் பயம் மட்டும் மிஞ்சியிருந்தது. வெட்கத்தை வைத்து என்ன செய்ய, பிள்ளை முக்கியம் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

சனிக்கிழமை தாயும் மகளும் வந்தபோது என் கதிரையைத் திருப்பிப் போட்டிருந்தேன். கிட்டாரை எடுத்து, இடக்கையால், தலைகீழாக, அவள் விழாவில் வாசிக்க வேண்டிய துண்டை முழுக்க வாசித்தேன். ஒரு இடமும் பிழைக்கவில்லை.

"பாத்தீங்களா மேடம்? நான் புடிக்கிறது தலைகீழ். அதான் காட்டல. வேற ஒன்னும் இல்ல. இனி இவ என்னோட கையப் பாக்கட்டும், பாக்காம இருக்கட்டும். நான் திரும்பியே உக்காருறேன். போதுமா?"

தாய் மகளைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு விளங்கவில்லை.

"அது எனக்கு முதல் வருசமே தெரியும் சேர்" என்றாள் பிள்ளை. "ஒருநாள் வெள்ளனவே வந்திட்டன். கதவு நீக்கலாக் கிடந்தது, நீங்கள் தனிய வாசிச்சுக்கொண்டு இருந்தனீங்கள். எல்லாருக்கும் தெரியும்."

"தெரிஞ்சா ஏன் சொல்லல?"

அவள் தாயைப் பார்த்தாள். தாய்தான் பதில் சொன்னார். அவரது குரலில் போன கிழமை இருந்த மிடுக்கு இல்லை.

"சேர், கைக்காக இல்லை. முதுகெண்டு நான் சொன்னது சும்மா ஒரு சாட்டு. நிக்கப் போறன் எண்டு இவள்தான் ஆறு மாசமாச் சொல்லிக்கொண்டு இருக்கிறாள். உங்களிட்டச் சொல்லப் பயம். நான் சண்டை பிடிச்சால் நீங்கள் என்னில கோவிச்சுக்கொண்டு விட்டிடுவியள் எண்டு நினைச்சன். பிறகு, சொல்லாமல் கொள்ளாமல் நிக்கிறது சரியில்லை எண்டுதான் இண்டைக்குக் கூட்டிக்கொண்டு வந்தனான்."

"நிக்கப் போறியா? ஏன்?"

"சனிக்கிழமை காலமையில எனக்குச் சாப்பிட ஏலாது சேர்" என்றாள். "நீங்கள் ஏசுவீங்கள் எண்டு வயித்தைப் பிசையும். வாவியடிச் சேர் ஏசுறேல்லையாம்."

அவள் சொன்னது நெஞ்சில் அடித்த மாதிரி இருந்தது. அவரிடம் போனால் உன் காது பாழாகிவிடும், மூன்று வருட உழைப்பு நாசமாகிவிடும், உனக்கு என்ன தெரியும் என்று கேட்க வாயைத் திறந்தேன்.

ஒரு சொல் வெளியே வருவதற்குள் அவள் தோள்கள் இரண்டும் மேலே ஏறின. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். தன் கிட்டாரின் கழுத்தைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. மூன்று வருடமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் எனக்குப் பின்னால் அவள் இப்படித்தான் உட்கார்ந்திருக்கிறாள்.