முன்னாடி எப்படி இருந்தார்

பேச்சு டீச்சர் என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். பக்கவாதத்தில் பேச்சு போனவர்களுக்கு மறுபடி பேசக் கற்றுக்கொடுப்பவர். ஆஸ்பத்திரி வேலையை உதறிவிட்டு, அச்சகத்துக்கு மேலே இரண்டு அறைகளைப் பிடித்துப் பயிற்சி நிலையம் தொடங்கி ஒன்பது வருஷம். கட்டணம் கிடையாது. அதனால் வருஷா வருஷம் யாரிடமாவது போய் நிற்க வேண்டும். இந்த வருஷம், கூரை ஓட்டுத் தொழிற்சாலை வைத்திருக்கும் ஒரு குடும்பத்தின் சின்ன அறக்கட்டளை.

விண்ணப்பத்தை நான்கு தடவை திருப்பி எழுத வைத்தார்கள். பத்துப் பக்கம் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தால், இவ்வளவையும் யார் படிப்பது என்றார்கள். 'நோயாளிகள்' என்பதை 'பயனாளிகள்' ஆக்கச் சொன்னார்கள். டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் மாற்றினார்.

கடைசியில் நேரில் பார்க்க அந்தக் குடும்பத்து மாப்பிள்ளை கேமராவோடு வந்தார். அப்போது தையல்காரர் ஒருவர் பயிற்சியில் இருந்தார். வந்த புதிதில் மனைவி பெயரைக்கூடச் சொல்ல வராதவர். பதினாலு மாதம் படாத பாடு பட்டு, இப்போதுதான் மூன்று சொற்களைக் கோக்கிறார்.

"வாங்க... உக்காருங்க... சார்" என்றார் வந்தவரிடம். டீச்சருக்குப் பூரிப்புத் தாளவில்லை.

மாப்பிள்ளையின் முகம் சுருங்கியது. "நல்லாத்தான் பேசறாரு மேடம். ஆனா முன்னாடி எப்படி இருந்தார்னு வீடியோ வேணுமே. பேச வராத மாதிரி ஒரு நிமிஷம் திணறச் சொல்லுங்க. கண்ணுல தண்ணி வந்தாத்தான் எங்க மாமா கையெழுத்தே போடுவாரு."

டீச்சருக்குச் சுர்ரென்று ஏறியது. "திணறத்தானா சார் இத்தனை மாசம் பாடுபட்டாரு?"

"கோவிச்சுக்காதீங்க. எல்லா இடத்துலயும் நடக்கறதுதான்."

தையல்காரர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு மெல்ல நிமிர்ந்து, வாயைக் கோணலாக்கத் தொடங்கினார். இந்த நிலையத்துக்காக அந்த மனுஷன் நடிக்கத் துணிந்துவிட்டார் என்று புரிந்ததும் டீச்சர் போய்க் கேமராவை மறைத்து நின்றார்.

"எழுந்திரிங்க சார். கிளம்புங்க" என்றார் மாப்பிள்ளையிடம்.

ஒரே வாரத்தில் இரண்டு வரியில் பதில் வந்தது: இவ்வாண்டு இயலவில்லை, வருந்துகிறோம். வருத்தமாம்! அந்தத் தாளை நாலாகக் கிழித்துப் போட்டார். ஆனாலும் வியாழன், வெள்ளி வகுப்புகளை நடத்திவந்த உதவிப் பெண்ணை நிறுத்த வேண்டியதாயிற்று. ஐந்து நாள் வகுப்பு மூன்று நாளானது. வீடு வீடாக டீச்சரே போன் போட்டுச் சொன்னார்.

நடந்ததைக் கேள்விப்பட்டிருந்த ஒரு நோயாளியின் மகள் பொரிந்து தள்ளினாள். "ஒரு நிமிஷம் நடிச்சிருந்தா என்னக்கா குறைஞ்சு போயிருக்கும்? எங்கப்பாவுக்கு ரெண்டு நாள் போச்சே!"

டீச்சருக்கு அவள் மேல் ஆத்திரம் பொங்கியது. அவள் கேட்டதில் நியாயம் இருந்தது, அது இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

"அப்பாவ வியாழன், வெள்ளியும் கூட்டிட்டு வாம்மா. நான் இருப்பேன்" என்று சொல்லிப் போனை வைத்தார்.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் அவர் ஒரு தனியார் கிளினிக்கில் வேலை பார்த்துவந்தார். வீடு ஓடுவது அந்தச் சம்பளத்தில்தான். அன்று மாலையே அங்கே போய், இனி வர முடியாது என்று சொல்லிவிட்டு, வழியெல்லாம் அந்த மாப்பிள்ளையை வாய்விட்டுத் திட்டிக்கொண்டே வீட்டுக்கு நடந்தார்.