பாடி அண்ணன் வாங்கிய பெரிய டிவி

பெற்றவர்கள் அவருக்கு ஆசையாக ஒரு பெயர் வைத்தார்கள். அது பேங்க் பாஸ்புக்கோடு நின்றுவிட்டது. படப்பிடிப்பு நடக்கும் இடங்களில் அவர் 'பாடி அண்ணன்'. டிவி தொடர்களில் பிணமாகப் படுப்பதுதான் அவர் தொழில். "பாடி வந்தாச்சா?", "பாடிக்கு டீ குடுத்தீங்களா?" என்ற குரல்களைக் கேட்டுப் புதிதாக வந்தவர்கள் விழிப்பார்கள். பாடி அண்ணன் டீயை வாங்கிச் சர்க்கரை கலக்கிக்கொண்டிருப்பார். சில நாள் விடிந்தும் விடியாததுமாக வீட்டுக்கு போன் வரும். மனைவி எடுத்தால், "அக்கா, பாடி வீட்டுல இருக்கா, கிளம்பிடுச்சா?" என்பார்கள். அவள் போனை அவர் கையில் திணித்துவிட்டுப் போவாள். அவள் மருந்துக் கடையில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவள். ஆட்கள் பிழைத்துக் கிடக்கவேண்டும் என்பது அவள் வேலையின் அடிப்படை.

இந்தத் தொழிலுக்கு அவர் மனுப்போட்டு வரவில்லை. சோபா, கட்டில், நாற்காலி வாடகைக்கு விடும் கடையில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் ஒரு தொடருக்குக் கட்டில் கொண்டுபோய் இறக்கினார். அதில் சாகவேண்டிய நடிகர் ஒவ்வொரு டேக்கிலும் தும்மினார். இயக்குநர் கடுப்பாகி, கட்டில் கொண்டுவந்தவரையே படுக்கச் சொன்னார். படுத்தார். அழுகை முடிந்தது, விளக்கை அணைத்தார்கள், எல்லாரும் சாப்பிடப் போனார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்கச் சொல்ல ஆளில்லை. திரும்பி வந்து பார்த்த இயக்குநர், இனிமேல் தன் தொடரில் யார் செத்தாலும் இவர்தான் சாகவேண்டும் என்று சொல்லிவிட்டார்.

அதன்பிறகு அவர் சாகாத சாவு இல்லை. மாடிப்படியில் தள்ளிவிட்டார்கள். பாலில் விஷம் கலந்தார்கள். சொத்து எழுதி வாங்கிக்கொண்டு தலையணையால் அமுக்கினார்கள். சில தொடர்களில் முதல் நாளிலேயே செத்து, பிறகு வருஷக்கணக்கில் சுவரில் போட்டோவாகத் தொங்கி, நடுநடுவே மருமகள்கள் தன்னிடம் வந்து முறையிடுவதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். மற்றவர்கள் உயிரைக் கொடுத்து நடிப்பதாகச் சொல்லிக்கொள்வார்கள். இவர் அப்படியெல்லாம் பெருமை பேசியதில்லை.

ஆனால் உள்ளுக்குள் பெருமை இருந்தது. நிறையவே இருந்தது. கண்ணை மூடிக்கொண்டே கேமரா எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். கதாநாயகி அழுது முடித்து மூக்கை உறிஞ்சினால் கேமரா அவள் பக்கம். அந்த இடைவெளியில் ஒரு மூச்சு. வில்லன் தொண்டையைச் செருமினால் இன்னொரு மூச்சு. மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் அது தானாகக் கிளம்பும்வரை காத்திருப்பார்.

வீட்டில் மட்டும் இந்தத் திறமைக்கு மரியாதை இல்லை. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு சாயங்காலம் ஹாலில் படுத்துப் பயிற்சி செய்துகொண்டிருந்தார். வேலை முடிந்து வந்த மனைவி கூப்பிட்டுப் பார்த்தாள், உலுக்கிப் பார்த்தாள். அவரோ தொழில் சுத்தமாகக் கிடந்தார். அவள் கதவோரமாக அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு அவர் எழுந்து, "எப்படி இருந்துச்சு?" என்று வேறு கேட்டார். பதிலாக வாங்கிக் கட்டிக்கொண்டதை அவர் வெளியே சொன்னதில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு சட்டம் வந்தது: வீட்டுக்குள் சாகக் கூடாது. டிவியில் அவர் சாகும் நேரத்தில் அவளுக்கு எப்படியாவது அடுப்பில் ஒரு வேலை வந்துவிடும். பதினொரு வருஷத்தில் ஒரு சாவைக்கூட அவள் பார்த்ததில்லை.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஒரு மத்தியானம் உதவி இயக்குநர் சாப்பாட்டுத் தட்டோடு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கெட்டிக்காரப் பெண். சுற்றி வளைக்கத் தெரியாது.

"அண்ணே, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே."

"பாடிக்கு என்னம்மா கோவம்? சொல்லு."

"இப்பல்லாம் வீட்டுக்கு வீடு சுவத்தை அடைச்சாப்புல டிவி மாட்டி வெச்சிருக்காங்க. பருவுக்கு மேல பூசின பவுடர் கூடத் தெரியுது. போன தடவை நீங்க லாரியில அடிபட்டுச் செத்தீங்கல்ல, அதுல உங்க வயிறு ஏறி இறங்குதுன்னு யாரோ வட்டம் போட்டு நெட்டுல விட்டுட்டாங்க. ஊரே சிரிக்குது. முதலாளி ரப்பர் பொம்மை வாங்கிடலாம்னு ஒத்தைக்கால்ல நிக்கிறார்."

பாடி அண்ணன் சாப்பிடுவதை நிறுத்தினார். "என் வயிறா?"

"உங்க வயிறுதான். வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி எபிசோடு வருது. நாங்க பாத்துப் பாத்துக் கண்ணு மரத்துப் போச்சு. எங்க மூச்சு விட்டீங்கன்னு உங்களுக்குத்தான் தெரியும். நீங்களே பாத்துச் சொல்லுங்க. அசையலைன்னா முதலாளிகிட்ட நான் பேசிக்கிறேன், அடுத்த தொடரும் உங்களுக்குத்தான். முதல் மாசம் முழுக்க மார்ச்சுவரியில படுத்திருக்கணும். அசைஞ்சுதுன்னா அதையும் சொல்லிடுங்க, பொம்மைக்குச் சொல்லிடுறோம். உங்க பேச்சை நம்புறேன்." தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தவள், "நல்ல டிவியில பாருங்கண்ணே" என்றாள்.

அவர் வீட்டு டிவி சின்னது, வயதானது, ஒரு ஓரம் பச்சை பூத்தது. அதில் உயிரோடு இருப்பவர்களே பிணம் மாதிரிதான் தெரிவார்கள். அன்று ராத்திரியே மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார்.

"பொம்மை வந்தா வரட்டுமே. வேன் ஓட்ட எப்ப வர்றேன்னு அந்தக் கடைக்காரர் இப்பவும் கேட்டுக்கிட்டுத்தானே இருக்கார்?" என்றாள்.

"பொம்மை செய்யிறதும் நான் செய்யிறதும் ஒண்ணா?"

அவள் பிடிகொடுக்கவில்லை. ஆனாலும் பழைய டிவி ஒழியும் என்ற ஒரே காரணத்துக்காக மறுநாள் அவரோடு கடைக்குக் கிளம்பினாள்.

கடையில் ஒரு சுவர் முழுக்க டிவிகள். எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் அருவி கொட்டியது, கிளிகள் பறந்தன, யாரோ பந்தை உதைத்தார்கள். டை கட்டிய விற்பனையாளர் மூச்சு விடாமல் பேசினார்.

"இதப் பாருங்க சார், மோஷன் சூப்பரா இருக்கும். சின்ன அசைவு கூடத் துல்லியமாத் தெரியும்."

பாடி அண்ணன் அந்த டிவியை விட்டு ஒரு அடி தள்ளி நின்றார். "அசையாத ஏதாவது இருந்தாப் போடுங்க தம்பி" என்றார்.

"அசையாததா சார்?"

"ஆமா. சும்மா கிடக்கிற மாதிரி."

இருபது வகையான வாடிக்கையாளர்களைத் தினமும் பார்க்கிறவர் என்றாலும் விற்பனையாளருக்கு இது புதிது. ரிமோட்டை அழுத்தி அழுத்தித் தேடினார். கடைசியில் ஆற்றங்கரையில் வெயில் காயும் ஒரு முதலை அகப்பட்டது. சுவர் முழுக்க முதலைகள் படுத்தன. பாடி அண்ணன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு முதலையாகப் பார்வையிட்டார். சக தொழிலாளி என்ற மதிப்பு அவர் முகத்தில் தெரிந்தது. ஓரத்தில் இருந்த விலை குறைந்த டிவியில் முதலை செத்தே கிடந்தது. நடுவில் இருந்த பெரிய டிவியில் அதன் தாடைக்குக் கீழே தோல் லேசாக உப்பி அடங்கியது.

"இதுல மூச்சு விடுது" என்றார்.

"எல்லாம் ஒரே முதலைதான் சார்" என்றார் விற்பனையாளர்.

மனைவிக்கு முதலையில் அக்கறை இல்லை. அவள் பையிலிருந்து டேப்பை எடுத்து அகலம் அளந்துகொண்டிருந்தாள். நடு டிவியை மாட்டினால் அலமாரியின் ஒரு கதவு பாதிதான் திறக்கும். அதற்கு அடுத்த டிவி பளபளவென்று இருந்ததால் வேண்டாமென்றாள். "ஜன்னலுக்கு எதிர்ல மாட்டினா இதுல நாமதான் தெரிவோம். நம்மள நாமளே பாக்கிறதுக்கு இவ்வளவு விலையா?"

பாடி அண்ணன் மறுபடி ஓரத்து டிவிக்குப் போனார். அதை வாங்கினால் கவலையே இல்லை. வெள்ளிக்கிழமை அசையாமல் கிடப்பார், மனசறிய ஒரு பொய்யும் சொல்லாமல் வேலையைக் காப்பாற்றிக்கொள்ளலாம். ஆசையாகத்தான் இருந்தது. செத்த முதலையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு விற்பனையாளரிடம் கேட்டார்.

"தம்பி, ஜனங்க எதை அதிகமா வாங்குறாங்க?"

"நடுவுல இருக்கிறதுதான் சார்."

"அப்ப அதையே கட்டுங்க."

அலமாரிக் கதவை என்ன செய்வது என்று மனைவி கேட்டதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் நாற்காலியை டிவிக்கு முன்னால் இழுத்துப் போட்டார். முட்டி சுவரில் இடித்துவிடும் தூரம். தொடரின் பாட்டு முடிந்ததும் மனைவி எழுந்து, அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லி உள்ளே போனாள். பால் மத்தியானமே காய்ச்சியாகிவிட்டது. அவர் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டில் வந்தது. அவர் ஆள் அளவுக்கே தெரிந்தார். ஹாலின் அந்தப் பக்கத்தில் கட்டில் போட்டு அவரைப் படுக்க வைத்திருப்பது போல இருந்தது. காதில் முளைத்த முடி தெரிந்தது, நகத்தில் வேன் ஓட்டிய காலத்து கிரீஸ் கறை தெரிந்தது. அவர் எதையும் பார்க்கவில்லை. வயிற்றை மட்டும் பார்த்தார். தொடரில் வரும் மகள் அவர் நெஞ்சில் விழுந்து அழுதாள். அசைவில்லை. மருமகன் போர்வையை இழுத்து முகத்தை மூடி, மனசு மாறித் திறந்தான். இமை ஆடவில்லை. அந்த இடத்தில் ஒரு மூச்சு விட்டது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. திரையில் எங்கேயும் இல்லை. கேமரா பக்கத்தில் வந்தது, இன்னும் பக்கத்தில் வந்தது, கழுத்து நரம்பு திரையை அடைத்துக்கொண்டு நின்றது. ஒன்றுமில்லை. இவ்வளவு நன்றாகச் செத்ததில்லை என்று அவருக்கே பட்டது.

அப்போது அவர் முதுகில் ஒரு கை வந்து பட்டது.

மனைவி பின்னால் நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ தெரியாது. கண் டிவியிலேயே இருந்தது. சத்தமில்லாமல் கண்ணீர் வழிந்து முகவாயில் நின்றது. அவள் கை அவர் தோளுக்குக் கீழே, நடு முதுகில் பதிந்திருந்தது. தட்டவும் இல்லை, தடவவும் இல்லை. அவர் மூச்சு இழுக்கும்போது அந்தக் கை ஏறியது, விடும்போது இறங்கியது. என்ன செய்கிறாள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. இத்தனை வருஷம் மூச்சை ஒளித்தே பழகியவர், அன்று வேண்டுமென்றே நன்றாக இழுத்து விட்டார். இன்னொன்று. இன்னொன்று. விளம்பரம் வரும்வரை அவள் கையை எடுக்கவில்லை.

விளம்பரத்தில் போன் அடித்தது. உதவி இயக்குநர்தான்.

"அண்ணே, பாத்தீங்களா? என்ன சொல்றீங்க?"

பாடி அண்ணன் மனைவியைப் பார்த்தார். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அசைஞ்சுதும்மா" என்றார்.

"எனக்குத் தெரியலையே. எங்கண்ணே?"

"வயித்துல. ரெண்டு இடத்துல. பொம்மைக்கே சொல்லிடு."

அந்தப் பெண், "சரிண்ணே. நீங்க சொன்னா சரிதான்" என்று வைத்துவிட்டாள். வாழ்க்கையில் அவர் செய்த ஒரே நல்ல வேலையை அவர் வாயாலேயே கெடுத்தாயிற்று. வருத்தமாகத்தான் இருந்தது. போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"ஒரு அசைவும் இல்ல. நான் பாத்தேன்" என்றாள் மனைவி.

"பாத்தியா?"

"முழுசாப் பாத்தேன்." அவள் இன்னொரு நாற்காலியை இழுத்து அவரை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தாள். "ரொம்ப நல்லாப் பண்ணியிருந்தீங்க."

பதினொரு வருஷமாக அவர் காத்திருந்த வார்த்தை அது. அவர் திரையைப் பார்த்தார். அதில் யாரோ துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள்.

"இனிமே பண்ணாதீங்க" என்றாள்.