இடப்பக்க முன்சில்லு

இது நடந்தது. யாருக்கு நடந்ததோ அந்த ஆள் இன்றும் உடுவிலில் இருக்கிறான். பெயர் ஜெரிசன், வயது முப்பத்துநாலு. குடிக்க மாட்டான். பேய் பிசாசு, நல்ல நேரம் கெட்ட நேரம் ஒன்றையும் நம்பாத, ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிற குடும்பத்தில் பிறந்தவன். இதை வெளியே சொன்னதால் அவனுக்கு ஒரு இலாபமும் கிடைக்கவில்லை. வைத்திருந்த ரயர்க் கடைதான் போனது.

இன்னொன்று. இது இரவில் நடக்கவில்லை. வைகாசி மாதத்து வெயிலில், ஒரு வெள்ளிக்கிழமை பட்டப்பகலில், பன்னிரண்டு மணி ஏழு நிமிடத்துக்கு நடந்தது.

தொடங்கியது பங்குனியில். அன்றும் வெள்ளிக்கிழமை. சண்டிலிப்பாய் பொன்னம்பலம் தன்னுடைய ஜீப்பைக் கடைக்குக் கொண்டுவந்தார். ஐம்பத்தெட்டாம் ஆண்டு வண்டி. தகப்பன் வாங்கியது. பெற்றோல் வராத சண்டைக் காலத்தில் மண்ணெண்ணெய் குடித்து ஓடியது. புகையிலைச் சிப்பமும் வெங்காய மூட்டையும் சுமந்து சுமந்து அதன் நாலு ரயரும் தேய்ந்து நூல் தெரிந்தது. ஓட்டிவந்தவன் அவருடைய தங்கையின் மகன் நிருஷன். இருபத்துநாலு வயது.

கிழவருக்கு முன்பிருந்த அதே சின்ன அளவு ரயர் வேண்டும். நிருஷனுக்குப் பெரிது வேண்டும்.

"மாமா, உந்தச் சின்னனைப் பூட்டினால் யானைக்குச் சைக்கிள் சில்லுப் பூட்டின மாதிரிக் கிடக்கும்."

"அம்பது வருசமாய் உந்தச் சில்லிலைதான் தோட்டம் செய்தனான். உனக்கு இப்பதான் கண் தெரியுது."

"எனக்கு ஊரிலை போக வெக்கமாய்க் கிடக்கு."

"அப்ப நடந்து போ."

கடை மூலையில் பெரிய ரயர் நாலு ஒன்றரை வருடமாகக் கிடந்தது. பழையதைவிட மூன்றரை அங்குலம் உயரம், அகலமும் கூட. அதைப் பூட்டக்கூடிய வண்டி வேறு எதுவும் அந்தப் பக்கம் வரவில்லை. ஜெரிசன் நிருஷனின் கட்சிக்குப் போனான்.

"ஐயா, பெரிசெண்டால் மாரியிலை தோட்டத்து ஒழுங்கைக்குள்ளை புதையாது. எத்தினை பேர் உப்பிடி மாத்தி ஓடுகினம்."

பொன்னம்பலம் ரயரைத் தட்டிப் பார்த்தார். பிறகு ஜெரிசனைப் பார்த்தார்.

"சரி, போடு. நீ சொல்லுறதாலை போடுறன். உவன் சொல்லி இல்லை."

பூட்டி முடித்தபோது மணி 10.50. வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு வரை ராகு காலம். அதுவரை வண்டியைத் தொடவும் கூடாது என்று சொல்லிவிட்டு, கிழவர் வாசலில் இருந்து பிளேன்ரீ குடித்தார்.

பெரிய ரயர் பூட்டினால் வண்டியை நிலத்தில் விட்டு, ஸ்ரியரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை ஒடித்துப் பார்க்க வேண்டும். சில்லு அளவுக்கு மேல் திரும்பாமல் தடுக்க உள்ளே ஒரு ஆணி இருக்கிறது. ரயர் எங்காவது முட்டினால் அந்த ஆணிக்கு இரண்டு வாஷர் போட்டால் சரி. பத்து நிமிட வேலை. கிழவரிடம் ஒரு சொல்லுச் சொன்னால் விட்டிருப்பார். ஜெரிசன் சொல்லவில்லை. பழைய ரயர் அடுக்கின் மேல் ஏறி இருந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பன்னிரண்டுக்குக் கற்பூரம் கொளுத்தினார்கள். நாலு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்தார்கள். நிருஷன் அதை நசித்துக்கொண்டு வண்டியை எடுத்தான். வாசலில் இடப்பக்கம் முழுதாக ஒடித்தான்.

கிறீ...ச்.

12.07. கடைச் சுவர் மணிக்கூட்டை ஜெரிசன் அப்போதுதான் பார்த்தான். சாப்பாட்டு நேரம்.

பொன்னம்பலம் இடப்பக்க ஆசனத்திலிருந்து தலையை நீட்டினார்.

"தம்பி, என்ன சத்தம்?"

ரயர் முட்டுகிறது. வண்டியைத் தாங்குகிற வில்லுத் தகட்டில் முட்டுகிறது. ஜெரிசனுக்கு அந்த நொடியிலேயே தெரியும். ஆனால் வண்டியைத் திரும்ப உள்ளே எடுத்து, கீழே படுத்து, அந்த ஆணியோடு மினைக்கெட வேண்டும். அவனுக்குப் பசித்தது. தேசிக்காய் நசித்துப் புறப்பட்ட வாகனத்தை இவர்கள் திருப்ப மாட்டார்கள் என்பதும் தெரியும். வீட்டில் சொல்லிச் சிரிக்கிற அதே நம்பிக்கையை எடுத்து நீட்டினான்.

"வெளிக்கிட்டதைத் திருப்பாதேங்கோ ஐயா. புது ரப்பர்தானே. ஓட ஓடச் சரியாகும்."

"ஓம், அதுவும் சரிதான்," என்றார் கிழவர். கையைக் காட்டிவிட்டுப் போனார்.

ஒன்பது நாள் கழித்து, ஞாயிறு காலை 7.20. சண்டிலிப்பாயில் தோட்டத்து ஒழுங்கைப் பாதைக்குள் இடப்பக்கம் ஒடித்த ஜீப் நிமிரவில்லை. வளைந்தபடியே போய்த் தோட்டக் கிணற்றுக் கட்டில் அடித்தது. நிருஷனுக்குக் காறை எலும்பு முறிந்தது. பொன்னம்பலம் கிணற்றுக் கட்டில் தலை அடிபட்டு அந்த இடத்திலேயே முடிந்துபோனார்.

"ஸ்ரியரிங் திரும்பி வரேல்லை," என்று நிருஷன் எல்லாரிடமும் சொன்னான். ஒருவரும் கேட்கவில்லை. பொலிஸ் ஜெரிசனிடம் வந்து விசாரித்தது. அவன் சொன்னது இரண்டே வசனம்.

"ரயரிலை ஒரு பிழையும் இல்லை சேர். பொடியன் கொஞ்சம் வேகம்."

அந்த வேகம் என்ற சொல் அப்படியே வழக்கில் ஏறியது. நிருஷன் சிறைக்குப் போகவேண்டி வரலாம் என்றார்கள். பொன்னம்பலத்தின் மனைவி நல்லம்மா அவனை வீட்டுப் படி ஏற விடவில்லை. செத்தவீட்டில் அவன் ஒழுங்கையில் நின்றுதான் அழுதான். ஜெரிசன் உள்ளே கதிரையில் இருந்து சோடா குடித்தான்.

இரண்டு மாதம் போனது. நிருஷனின் வழக்கறிஞர் ஜீப்பை இரண்டாம் முறை பரிசோதிக்க அனுமதி எடுத்தார். செவ்வாய்க்கிழமை என்று நாள் குறித்தார்கள். வியாழக்கிழமை நிருஷனே கடைக்கு வந்தான். கை இன்னும் தூளியில் தொங்கியது.

"அண்ணை, நீங்களும் ஒருக்கா வந்து நில்லுங்கோ. நீங்கள் பூட்டின ரயர்தானே. உங்கடை சொல்லை எடுப்பினம்."

"ஓம், வாறன்."

அவன் போனதும் ஜெரிசன் பெட்டியைத் திறந்து இரண்டு வாஷரைத் தேடி எடுத்தான்.

அன்றைக்குச் செய்யாத பத்து நிமிட வேலையை இப்போது செய்துவிட்டால் ரயர் எங்கும் முட்டாது. செவ்வாய்க்கிழமை யார் ஒடித்துப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. பிழை நிருஷனோடேயே நிற்கும். இதை அவன் தெளிவாக, ஒவ்வொரு சொல்லாக யோசித்தான். பிறகு நித்திரைக்குப் போனான்.

மறுநாள் வெள்ளி. நல்லம்மா மதியப் பூசைக்குக் கோயிலுக்குப் போகிற நாள். காலை 11.40க்கு மோட்டார் சைக்கிளை ஒழுங்கை முகப்பில் விட்டுவிட்டு நடந்து போனான். வீட்டில் ஒருவரும் இல்லை. பின் வளவில், நீலத் தறப்பாளுக்குக் கீழே, பொலிஸ் திருப்பித் தந்த ஜீப் நின்றது. பற்றரியைக் கழற்றி இரண்டு மாதம்.

11.46. தறப்பாளைத் தூக்கி உள்ளே புகுந்தான்.

முதலாவது பிழை அங்கேயே இருந்தது. தறப்பாளுக்குள் வெக்கை மூச்சை அடைத்திருக்க வேண்டும். அடைக்கவில்லை. குளிர்ந்திருந்தது.

பிறகு மணம். தேசிக்காய் மணம். குனிந்து பார்த்தான். இடப்பக்க முன்சில்லுக்குக் கீழே ஒரு பச்சைத் தேசிக்காய் நசிந்து கிடந்தது. சாறு இன்னும் காயவில்லை. நல்லம்மா தோசம் போக ஏதும் கழிப்புக் கழித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டான்.

ஸ்ரியரிங் இடப்பக்கம் திரும்பி நின்றது. ஏறி இருந்து நேராக்கினான். இறுக்கமாகத்தான் வந்தது. வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டே திருப்பினான். முன்சில்லும் கூடவே திரும்பி நேராக நின்றது. இறங்கினான். முன்பக்கத்தால் சுற்றி இடப்பக்கம் வந்தான்.

சில்லு மறுபடி இடப்பக்கம் திரும்பி நின்றது.

காற்றுக் குறைந்த ரயர், பழைய வண்டி, நிலம் சரிவு என்று சொல்லிக்கொண்டான். நிலம் சரிவில்லை. திரும்பப் போய் நேராக்கினான். இந்த முறை இறங்கும்போது பக்கத்து ஆசனம் கண்ணில் பட்டது. அதன் றெக்சின் உறை கீழே அமுங்கியிருந்தது. ஆள் இருந்தால் விழுகிற மாதிரிக் குழி. தூசு படிந்த ஆசனத்தில் அந்தக் குழியில் மட்டும் தூசு இல்லை...

போயிருக்கலாம். போகவில்லை. செவ்வாய்க்கிழமை வருகிறது.

11.54. சில்லு நேராகவே நின்றது. பக்கத்தில் முழங்காலில் இருந்து, அதன் பின்பக்கத்தால் வலக்கையை உள்ளே விட்டான். விரலுக்கு ஆணி தட்டுப்பட்டது. துருவேறி இறுகியிருந்தது.

12.02. ஆணி இளகியது. தூரத்தில் கோயில் மணி கேட்டது.

12.05. முதல் வாஷர் உள்ளே போனது.

மேலே ஆசனத்தின் கம்பி முனகியது. கிர்ர்... ஆள் பக்கம் மாறி இருக்கிற சத்தம்.

ஜெரிசன் நிமிரவில்லை. இன்னும் ஒன்று. இன்னும் ஒன்றுதான்...

12.07.

கிறீ...ச்.

ரயர் நகர்ந்தது. மெதுவாக. என்ஜின் ஓடவில்லை, பற்றரி இல்லை, ஸ்ரியரிங்கில் ஆள் இல்லை. ரப்பர் அவனுடைய விரல்களை வில்லுத் தகட்டோடு வைத்து அழுத்தியது.

இழுத்தான். வரவில்லை.

தலைக்கு மேலே...

"தம்பி, என்ன சத்தம்?"

கோபக் குரல் இல்லை. அன்றைக்குக் கேட்ட அதே குரல். அதே அளவு.

"ஒண்டுமில்லை... ஒண்டுமில்லை ஐயா..."

ரயர் இன்னும் அரை அங்குலம் வந்தது.

சடக்.

ஒரு விரல்.

"தம்பி, என்ன சத்தம்?"

"ஓட ஓட... சரியாகும் ஐயா..."

சடக்.

"தம்பி..."

"முட்டுது!" ஜெரிசன் கத்தினான். "ரயர் பிளேட்டிலை முட்டுது ஐயா! எனக்குத் தெரியும்! அண்டைக்கே தெரியும்!"



மேலே கம்பி முனகியது. பாரம் இறங்கியது.

சில்லு... தானாக... நேராகியது.

12.09.

அவன் ஓடவில்லை. ஓட முடியவில்லை. தறப்பாளுக்கு வெளியே ஊர்ந்து வந்து வெயிலில் கிடந்தான். உடுத்திருந்த சாரத்தில் ஒரு துண்டைக் கிழித்துக் கையில் சுற்றிக்கொண்டு, வைத்தியசாலைக்குப் போகாமல் நிருஷன் வீட்டுக்குப் போனான். வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னான். வாஷர் கதையையும் சொன்னான்.

நிருஷன் இரத்தம் ஊறிய அந்தத் துணியைப் பார்த்தான்.

"ரெண்டு மாசம் அண்ணை," என்றான். "நான்தான் மாமாவைச் சாகடிச்சனானெண்டு ரெண்டு மாசமாய் நானும் நம்பினன்."

"நான் எல்லா இடத்திலையும் சொல்லுறன்."

"சொல்லுங்கோ. உங்கடை கையைப் பார்க்க எனக்குப் பாவமாய் இல்லை."

கதவைச் சாத்தினான். அது சரி. ஜெரிசனுக்கும் தன்மேல் பாவம் வரவில்லை. கை நசிந்திராவிட்டால் தான் வாய் திறந்திருக்க மாட்டான் என்பது அவனுக்குத் தெரியும். இப்போதும் யாராவது, உண்மையைச் சொன்னாயே என்று மெச்சினால் எழுந்து போய்விடுவான்.

செவ்வாய்க்கிழமை பரிசோதகர் வந்தார். வழக்கறிஞர், ஒரு பொலிஸ்காரர், நிருஷன், நல்லம்மா எல்லாரும் வளவில் நின்றார்கள். வில்லுத் தகட்டில் கறுப்பாக ரப்பர் தேய்ந்த அடையாளம் இருந்தது. ரயரின் உட்பக்கத்தில் அதே அளவு வெட்டு. பரிசோதகர் இரண்டையும் படம் எடுத்துக்கொண்டார். வழக்கு நிருஷனை விட்டு ஜெரிசன் பக்கம் திரும்பியது. நல்லம்மா வந்து நிருஷனின் முறியாத தோளில் கையை வைத்தார். ஜெரிசனை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

பரிசோதகர் அவனுடைய கைக் கட்டைப் பார்த்தார்.

"உது எப்பிடி?"

ஜெரிசன் சொன்னான். குரலை விட்டுவிட்டு மிச்சத்தைச் சொன்னான். ஸ்ரியரிங்கை நேராக்கினது, சில்லு திரும்பினது, விரல் நசிந்தது.

"இந்த ஜீப்பிலையோ?"

"ஓம் சேர்."

"வெள்ளிக்கிழமையோ?"

"ஓம்."

பரிசோதகர் பொலிஸ்காரரைப் பார்த்தார். பொலிஸ்காரர் கையிலிருந்த கோணிச் சாக்கைக் கீழே வைத்து அவிழ்த்தார். உள்ளே கிறீஸ் பூசிய இரும்புத் தண்டு, பல்லுச் சில்லுகள், ஒரு கடதாசித் துண்டு. துண்டில் பங்குனி மாதத் திகதி இருந்தது. விபத்து நடந்த மூன்றாம் நாள்.

"ஸ்ரியரிங் பெட்டிக்குள்ளை கிடந்தது முழுக்க இதுதான்," என்றார் பரிசோதகர். "முதல் பரிசோதனைக்குக் கழட்டினது. அண்டையிலையிருந்து பொலிசிலை பூட்டிக் கிடக்கு. மேல்மூடியை மட்டும் திருப்பிப் பூட்டி விட்டனாங்கள்."

அவர் ஜீப்புக்குள் கையை விட்டு ஸ்ரியரிங்கை ஒரு விரலால் தட்டினார்.

அது சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

முன்சில்லு மயிரளவும் அசையவில்லை.