இறக்கையில் வைத்த சந்தனம்

பொன்னுரங்கத்துக்கும் எண்ணூர்த் தூசிக்கும் ஏழாம் பொருத்தம். நிலக்கரித் தூளோ, சாம்பலோ, மழை விட்டதும் கிளம்பும் ஈசலோ, எது வந்து வண்டியில் ஒட்டினாலும் ஈரத் துணியோடு ஏணியில் ஏறிவிடுவார். கரையோரத்தைப் படம் பிடிக்க ஒரு தனியார் கம்பெனி வைத்திருந்த குட்டி விமானத்தைத் துடைத்துவைப்பது அவர் வேலை. அதை ஜைரோ என்பார்கள். தலைக்கு மேல் இருக்கும் நீள இறக்கைகளைப் பறக்கும்போது எஞ்சின் சுழற்றாது, காற்றுதான் சுழற்றும். அவற்றின் முன்விளிம்பு வழவழவென்று இருந்தால்தான் வண்டி எழும்பும் என்று, அதை ஓட்டும் ராயபுரத்து டென்னிஸ் அவருக்கு முதல் நாளே சொல்லியிருந்தான்.

அப்படிப்பட்ட மனுஷன் ஆயுத பூஜையில் கோட்டை விட்டார். பாதி ஆயுசு லாரி கிளீனராக இருந்தவருக்கு, வண்டி என்றால் சந்தனம் வைத்தே தீர வேண்டும். கெட்டியாகக் குழைத்து முன்விளிம்பு நெடுக வரிசையாக அப்பினார். ராத்திரி அந்த ஈரத்தில் சாம்பல் படிந்து சொரசொரவென்று காய்ந்துவிட்டது. காலையில் சுற்றிலும் ஒட்டியிருந்த ஈசலைத் துடைத்தவருக்குச் சந்தனத்தின் மேல் மட்டும் கை போகவில்லை.

"இன்னா ரங்கண்ணே, ரெக்கைக்கு சிங்காரமா? தொடச்சிடேன்" என்றான் டென்னிஸ்.

"சாமிக்கு வெச்சது நைனா. இன்னிக்கு ஒருநா இருந்துட்டுப் போவட்டும்."

மாதா படத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பறப்பவன் அவன். அடுத்தவர் சாமியை அழிக்கச் சொல்ல வாய் வராமல், சிரித்துவிட்டு ஏறினான்.

எழும்பக் கைகொடுக்கும் எதிர்க்காற்றும் அன்று இல்லை. வண்டி ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. தரை முடிகிற இடத்தில் அரைகுறையாக எழும்பி, உப்பங்கழிச் சேற்றில் கவிழ்ந்தது.

டென்னிஸின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

"பாத்துட்டுதாண்ணே ஏறுனேன். எம்மேலயும் தப்பு கீது" என்றான் ஆஸ்பத்திரியில். அவன் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பொன்னுரங்கம் தேம்பித் தேம்பி அழுதார்.

விசாரணையெல்லாம் முடிந்தபின், கரையில் தெறித்து விழுந்திருந்த இறக்கைத் துண்டைக் கொட்டகையில் கொண்டுவந்து போட்டார்கள். சந்தனம் வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. பொன்னுரங்கம் அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு துணியை நனைத்துப் பிழிந்து, அழுத்தித் தேய்க்க வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு கையை வைத்தார்.

ஒரே துடைப்பில் போய்விட்டது.